கலீனா என்று யாரும் இங்கே இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஒரு ஆண்டு மலரின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த வருடம் பனிப்போர் சிறப்பிதழாம். நீங்கள்தான் ஆப்பிரிக்காவில் குப்பை கொட்டியவராயிற்றே, ஒரு கதை கொடுங்கள் என்றார். அணுகுண்டு, உளவாளி, நீர்மூழ்கிக் கப்பல் மூன்றில் ஒன்றாவது வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று கூடவே ஒரு விண்ணப்பமும் வைத்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டேன்.

என்னிடம் நீர்மூழ்கிக் கப்பல் கிடையாது. என்னிடம் இருப்பதெல்லாம் சோமாலிகளின் தலைநகரான மொகதிசுவில், ஹமர்வெய்ன் பகுதியில், ஒரு வீட்டு முற்றம். அதில் ஒரு மாமியார், ஒரு மருமகள், ஓர் ஆடு. பதினோரு வருடம் அந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி என் வீடு. அங்கே எனக்குத் தலையாட்டி என்று பெயர். ஆமாம், இல்லை, பார்க்கலாம் எல்லாவற்றுக்கும் நாம் ஒரே மாதிரி தலையை ஆட்டுவோமே, அது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. இந்தக் கதையில் என் தலைக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

இதில் மாமியார் அம்பரோ சொன்னது பாதி. டீக்கடைக்காரன் ஆறுவிரல் சொன்னது கால். மீதி என் கைச்சரக்கு. எது எது என்று பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள்.

2

தொடக்கத்துக்கே நான்கு நாள் ஆயிற்று. எறிந்தவற்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன், உழைப்பு வீணாகக் கூடாது.

"1977ஆம் ஆண்டு நவம்பரில் உலகின் இரண்டு வல்லரசுகளும் செங்கடலின் வாசலில் தங்கள் காய்களை நகர்த்திக்கொண்டிருந்த வேளையில் —"

இது தலையங்கம். யாரும் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள்.

"கலீனா செர்கேயெவ்னாவின் நீல விழிகளில் கருங்கடல் அலையடித்தது. அவள் —"

பொய். அவள் கண் நீலமே இல்லை, சின்னப் பழுப்புக் கண். அதில் கருங்கடலும் அடிக்கவில்லை, கரியடுப்புப் புகைதான் அடித்தது.

"அம்பரோவுக்குத் தன் மருமகளைக் கண்டால் ஆகாது."

சரி, இது போதும். அலங்காரம் இல்லை, ஆனால் சந்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்த வாக்கியத்தை எழுதியதுமே கதை கலீனாவின் கையிலிருந்து நழுவி அம்பரோவின் கைக்குப் போய்விட்டது. நான் கலீனாவைத்தான் நாயகியாக்க நினைத்திருந்தேன். அம்பரோ நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எழுப்பிப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை.

3

அம்பரோவுக்குத் தன் மருமகளைக் கண்டால் ஆகாது.

அவளுக்கு ஒரே மகன், ஜெய்லானி. டாங்கி பழுதுபார்க்கக் கற்றுவா என்று அரசாங்கம் அவனை ஒடெசாவுக்கு அனுப்பியது. நான்கு வருடம் கழித்து ஒரு கையில் சான்றிதழும் மறு கையில் ஒரு பெண்ணுமாக வந்து நின்றான். அம்பரோ சான்றிதழை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டினாள். பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். கலீனா என்றான். அந்தப் பெயரை அவள் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி, வாயில் வாங்கவில்லை. அன்று உச்சி வெயிலில் சந்தில் நடந்து வந்ததில் பெண்ணின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. என் மகன் ஒரு செங்காதியைக் கூட்டிவந்திருக்கிறான் என்று அம்பரோ பக்கத்து வீட்டில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க அவள் செங்காதி ஆகிவிட்டாள். (சோமாலியில் வேறு சொல். நமக்கு இது போதும்.) ஜெய்லானி மட்டும், அதுவும் வீட்டுக்குள் மட்டும், கலீனா என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிடுவது கல்யாணத்தின்போது அவன் அவளுக்குக் கொடுத்த வாக்கு.

முற்றத்தின் நடுவே கழிவுநீர் போக ஒரு சாக்கடை வாய்க்கால், ஒரு சாண் அகலம். மேற்கே அம்பரோவின் கரியடுப்பு. கிழக்கே கலீனாவின் கண்ணாடி ஜாடிகள். வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீரில் பூண்டும் ஏதோ ஓர் இலையும் போட்டு ஊறவைப்பாள். அந்த வாடை அம்பரோவுக்குக் குமட்டும். அம்பரோ காலையில் போடும் சாம்பிராணி கலீனாவுக்குத் தும்மல் வரவழைக்கும். யாரும் சுவர் கட்டவில்லை, ஆனால் வாய்க்காலை ஒருத்தியும் தாண்டியதில்லை.

ஆறு வருடத்தில் இருவரும் ஒரு தடவைகூட நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை. எல்லாம் ஆட்டின் வழியாகத்தான். அது ஜெய்லானியின் கல்யாணத்துக்கு அவன் சித்தப்பா கொடுத்த ஆடு, ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை. மேற்கே ரொட்டி தின்னும், கிழக்கே வெள்ளரிக்காய் தின்னும், எங்கே அடி விழும் போலிருக்கிறதோ அங்கிருந்து மறுபக்கம் போய்விடும். அணிசேரா நாடு என்றால் என்ன என்று எனக்கு அந்த ஆட்டைப் பார்த்துத்தான் விளங்கியது. "ஏ ஆடே, சிலபேருக்கு வீடு பெருக்கத் தெரியல, துணி தொவைக்கத் தெரியல, தூங்க மட்டும் தெரியுதுன்னு சொல்லு" என்பாள் அம்பரோ. பதிலும் ஆட்டுக்குத்தான் போகும். கலீனா சோமாலி கற்றுக்கொண்டதே இந்த வழியில்தான். அதனால் அவளுக்கு மரியாதையான சொற்கள் வெகுநாள் தெரியவில்லை.

ஜூலையில் போர் வந்தது. ஜெய்லானி டாங்கிகளோடு எத்தியோப்பிய எல்லைக்குள் இருக்கும் ஒகாதேனுக்குப் போனான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அம்பரோவுக்குப் படிக்கத் தெரியாது. கலீனா கிழக்கே நின்று ஆட்டைப் பார்த்துக் கடிதத்தை உரக்கப் படித்தாள். நான் நன்றாக இருக்கிறேன், இங்கே தண்ணீர்தான் இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே: "நான் வந்து கதவைத் தட்டுவேன். கலீனா, நீதான் வந்து தெறக்கணும். அம்மாவ விட்றாத, வாசல்லயே கட்டிப் பிடிச்சு அழுது என்னைய மூச்சு முட்ட வச்சிருவாங்க."

கதவுச் சாவி அம்பரோவின் இடுப்பில் இருந்தது. என் மகனுக்கு நான் திறக்காமல் யார் திறப்பது என்று ஆட்டைக் கேட்டாள். ஆடு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை.

4

பெரிய இடத்துச் சங்கதியையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் பணம் தரமாட்டார்.

ரஷ்யா எங்கள் பக்கம், அமெரிக்கா எத்தியோப்பியா பக்கம் என்று இருந்தது. எங்கள் ராணுவம் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. இதற்குள் அங்கே ஆட்சி மாறி அவர்களும் சிவப்புக்கொடி பிடித்திருந்தார்கள். ரஷ்யா இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்படியானால் அமெரிக்கா இந்தப் பக்கம் வரட்டும் என்று இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் ஒருவன் செருப்பை இன்னொருவன் மாட்டிக்கொண்டு போவதுபோல இரண்டு நாடும் எசமானனை மாற்றிக்கொண்டன. இதில் செத்தவர்கள் ஒகாதேனில் செத்தார்கள். ரஷ்ய டாங்கியில் உட்கார்ந்து ஜெய்லானியின் ஆட்கள் போனார்கள், எதிரே வந்ததும் ரஷ்ய டாங்கி.

நவம்பரில் வானொலியில் உத்தரவு வந்தது. ரஷ்யர்கள் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அம்பரோ இதை ஆறுவிரலின் டீக்கடை வானொலியில் கேட்டாள். ஆறு வருடமாக ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்டு வந்ததை ஒரு அரசாங்கமே எழுந்து நின்று நிறைவேற்றித் தருகிறது. ஆறுவிரல் ஒரு துண்டு அல்வாவை நீட்டி, உன் காட்டில் மழைதான் என்றான். அவள் அல்வாவை வாங்கவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

இங்கே கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களும் போக வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் வேண்டாம் என்றார்களாம், இன்னொன்றில் மூட்டை கட்டு என்றார்களாம். அன்று சாயங்காலம் கலீனா வாய்க்கால் ஓரம் வந்து நின்றாள். முதல் தடவையாக ஆட்டைப் பார்க்காமல் பேசினாள்.

"அத்தே, நான் போகமாட்டேன். அவர் வர்றப்போ நான் இங்க இருக்கணும். ஒரு தடவ அந்தப் பக்கம் போயிட்டா அப்புறம் என்னைய இந்தப் பக்கம் யாரும் விடமாட்டாங்க."

அம்பரோ அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். பதில் ஆட்டுக்குத்தான் போனது.

"ஏ ஆடே, அவள இந்த வீட்டவிட்டுத் தொரத்தறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். ஆறு வருஷமா அந்த வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நடுவுல ரேடியோக்காரன் யாரு?"

5

(இந்த இடத்தில் என் மனைவி கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, அம்பரோவுக்கு உள்ளுக்குள் பாசம்தானே என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் பாசம் என்று எழுதவில்லை. தனக்குப் பாத்தியதைப்பட்ட வேலையில் அரசாங்கம் கைவைத்தது அம்பரோவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

இப்போது பெயர் விவகாரம். அந்தச் சந்தில் ஒருவர் பெயரும் மற்றவருக்குத் தெரியாது. நெட்டை, ஒற்றைப்பல், வாத்துநடை, வெண்கலத்தொண்டை (இது அம்பரோ), ஆறுவிரல். உடம்பில் என்ன குறையோ அதுதான் பெயர், அதில் யாருக்கும் கோபம் கிடையாது. சாகும்போது மௌல்வி உண்மைப் பெயரைச் சொல்லும்போதுதான் பாதிப் பேர் அதை முதன்முதலாகக் கேட்பார்கள். நாட்டின் தலைவருக்கே ஒன்று உண்டு.*

தெருவாசிகளின் பட்டியல் எழுதித் தா என்று மேலிடம் எப்போதோ ஆறுவிரலிடம் கேட்டிருந்தது. அவனுக்குத்தான் எழுதத் தெரியும். அவனும் பொறுப்பாக எல்லா வீட்டையும் எழுதினான்: நெட்டை, அவன் பெண்டாட்டி தூங்குமூஞ்சி, மூன்று பிள்ளைகள். வெண்கலத்தொண்டை, அவள் மருமகள் செங்காதி. அடியில் ஆறுவிரல் என்று கையெழுத்தும் போட்டான். அரசாங்கத்திடம் இருந்த இன்னொரு பட்டியலில் கலீனா செர்கேயெவ்னா, ஹமர்வெய்ன் என்று மட்டும் இருந்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஆள்கூட ஒத்துப்போகாது.

* அதை இங்கே எழுதமாட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

6

கெடு முடிந்தது, ஹஜ் பெருநாளும் முடிந்தது. (பெருநாளுக்கு ஆட்டை அறுத்திருக்க வேண்டும். ஜெய்லானி வரும்போது அறுக்கலாம் என்று மேற்கும் கிழக்கும் தனித்தனியே முடிவு செய்திருந்ததால் அது தப்பியது.) அதற்கடுத்த வாரம் லெப்டினன்ட் கூலேத் சந்துக்குள் வந்தான். விடுபட்டவர்களைப் பிடிக்கும் வேலை அவனுக்கு. அவனும் ஒடெசாவில் படித்தவன்தான்.

கலீனா என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைத்தோலாக யாராவது என்று கேட்டான். ஹமர்வெய்னில் பாதிப் பெண்கள் அரபு வம்சம், பாரசீக வம்சம் என்று வெளுப்பாகத்தான் இருப்பார்கள். முக்காடு போட்டால் யார் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. கூலேத் யோசித்தான். சந்தின் நடுவில் நின்று ரஷ்ய மொழியில், "ஓசியில் டீ தருகிறார்கள்" என்று உரக்கக் கத்தினான். ரஷ்ய மொழி தெரிந்தவள் திரும்பிப் பார்ப்பாள் அல்லவா, பிடித்துவிடலாம். ஒன்பது ஆண்கள் டம்ளரோடு ஓடி வந்தார்கள். எட்டு வருடம் ரஷ்யர்களோடு இருந்த ஊர், அந்த அளவுக்கு எல்லோருக்கும் பாஷை தெரியும்.

அப்புறம்தான் அவன் குர்ஆனைக் கொண்டுவரச் சொன்னான். டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து, வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்து அதன்மேல் கை வைத்து, கலீனா என்ற பெண்ணைத் தெரியாது என்று சத்தியம் செய்யச் சொன்னான். முப்பத்திரண்டு பேர் வந்து செய்தார்கள். முப்பத்திரண்டும் உண்மை. அவ்வளவு சுத்தமான சத்தியத்தை அந்தச் சந்து அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

அப்போது டீக்கடையில் இருந்த என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, என் வேதம் வேறு. சும்மா கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஆமாமா, இல்லையா என்றான். மறுபடி ஆட்டினேன். என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டான். எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஜெய்லானி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான். அன்று நான் ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பது எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. பயந்திருந்தேன், அதுமட்டும் நிச்சயம்.

அம்பரோ வரிசைக்கு வரவில்லை. எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, வேண்டுமானால் அவன் வரட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

7

அவன் வந்தான். கையில் குர்ஆன். பின்னால் ஆறுவிரல் டீத் தட்டோடு வந்தான். அம்பரோ கை கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். கிழக்கே ஜாடிகளின் பக்கம் கலீனா குந்தி உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் முக்காட்டுக்குள் இருந்தது.

முப்பத்திரண்டு பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. அம்பரோவுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தினமும் மகன் வாயிலிருந்து கேட்ட பெயர். ஐந்து வேளைத் தொழுகையும் தவறவிடாதவள் அவள். ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை, பாவமும் இல்லை, வெள்ளரிக்காய் வாடையும் இனி இல்லை.

புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"கலீனான்னு யாரும் இங்க இல்ல. அப்படியொரு பேர நான் கேட்டதே இல்ல."

அது யார் என்று அவன் கிழக்கே காட்டினான்.

"செங்காதி. என் மருமக. என் உசுர எடுக்கறதுக்குன்னே வந்து சேந்தவ."

கூலேத் வாய்க்காலைத் தாண்டிப் போனான். அந்த வாய்க்காலை ஜெய்லானியைத் தவிர ஒரு ஆள் தாண்டி அம்பரோ அன்றுதான் பார்த்தாள். ஜாடியைக் காட்டி இது என்ன என்றான். ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு மருந்து என்றாள் அம்பரோ. அவன் மூடியைத் திறந்தான். விரலை விட்டு ஒரு வெள்ளரிக்காயை எடுத்தான். வாயில் போட்டு மெதுவாகத் தின்றான். இன்னொன்றை எடுத்து அதையும் தின்றான். ஆட்டு மருந்தை இரண்டாவது தடவை எடுத்துத் தின்கிறவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது என்று அம்பரோவுக்குப் புரிந்துவிட்டது.

அவன் யாரையும் பார்க்காமல், ஜாடியிடம் பேசுவதுபோல, ரஷ்ய மொழியில் ஒரு வாக்கியம் சொன்னான்.

வாசலில் ஆறுவிரலின் கையிலிருந்து டீத் தட்டு விழுந்தது. கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. கலீனா நறுக்குவதை நிறுத்தவில்லை. கத்தி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கூலேத் கொஞ்ச நேரம் அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அம்பரோ அன்று மாலையே கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

8

அவன் என்ன சொன்னான் என்பது அம்பரோவுக்குத் தெரியாது. ஆறுவிரல் எனக்கு ஒரு வருடம் கழித்துச் சொன்னான்.

"உன் புருஷன் செத்துட்டான்னு சொன்னான், தலையாட்டி."

இந்த வரியை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்தேன். ஏனென்றால் கூலேத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், மீசை வைத்தேன், பொருந்தவில்லை. ஒடெசாவில் அவனுக்கு ஒரு காதலி இருந்தாள், அவள் நினைவில் —

வேண்டாம். அது என் கைச்சரக்கிலேயே மட்டமான சரக்கு.

அவள் திடுக்கிட்டால் பிடித்துவிடலாம் என்று வீசிய வலையா அது? அப்படியானால் அவன் கல்நெஞ்சன். இல்லை, போர்முனையிலிருந்து வந்த ஏதோ ஒரு பட்டியலில் ஜெய்லானியின் பெயரைப் பார்த்திருந்து, அதை அவளுக்கு மட்டும் புரியும்படி சொல்லிவிட்டுப் போனானா? அப்படியானால் அவன் நல்லவன், ஆனால் செய்தி உண்மை, அது அதைவிட மோசம். இரண்டு வெள்ளரிக்காயை ருசித்துத் தின்ற ஒருவனைப் பற்றி என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. கலீனாவுக்கும் முடிந்திருக்காது. அவள் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் ஜாடிகளைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

9

மறுநாள் அம்பரோ காலையில் டீ குடிக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. சூரியன் மறைந்ததும் பச்சைத் தண்ணீர் குடித்தாள். ரமலான் போய் இரண்டரை மாதமாகிறது, ஹஜ் பெருநாளும் போயாயிற்று. கலீனா அந்தப் பக்கம் வந்த ஆறுவிரலைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டாள், ஒரு பெண் இந்த நாளில் எதற்கு நோன்பு வைப்பாள் என்று. எத்தனையோ காரணம் இருக்கும் என்று அவன் மழுப்பினான். அவள் விடவில்லை. சத்தியத்தைப் பொய்யாக்கியவர்கள் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் மூன்று நாள் நோன்பு என்றான்.

சந்தில் முப்பத்து மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். நோன்பு இருந்தது ஒருத்திதான்.

இரண்டாம் நாள் சூரியன் மறையும் நேரம் வாய்க்கால் விளிம்பில் ஒரு தட்டு இருந்தது. மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் சூப். அம்பரோ அதைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள்.

"ஏ ஆடே, இத யாரு வச்சா?"

"ஆடுதான் வச்சிருக்கும், அத்தே" என்றாள் கலீனா.

அம்பரோ பழத்தைத் தின்றாள். சூப்பில் உப்பு அதிகம் என்று ஆட்டிடம் சொல்லிவிட்டு அதையும் குடித்தாள்.

10

முடிவுகள். எழுதிவிட்டு எடுத்துப்போட்டவை.

(அ) கலீனா உண்மையில் உளவாளி. வெள்ளரிக்காய் ஜாடிக்குள் வானொலிக் கருவி. கடலில் ஒரு நீர்மூழ்கி அவளுக்காக — இது ஆசிரியருக்காக எழுதியது. ஆடு சிரித்தது, விட்டுவிட்டேன்.

(ஆ) மூன்றாம் நாள் அம்பரோ வாய்க்காலைத் தாண்டிப் போய் மருமகளைக் கட்டிக்கொள்கிறாள். இருவரும் அழுகிறார்கள். இரு வல்லரசுகளும் இதைப் பார்த்து வெட்கப்பட — அம்பரோ இதைக் கேட்டிருந்தால் அடுப்பு விசிறியால் என்னை அடித்திருப்பாள்.

(இ) நடந்தது. இது எனக்குத் தெரியும். இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அதை நான் எழுதப்போவதில்லை. சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் சாயங்காலம் அம்பரோ செய்தது சரியா தப்பா என்று நடந்ததை வைத்து நீங்கள் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். அவளுக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு?

11

மூன்றாம் நாள். சூரியன் மறைந்துவிட்டது. வாய்க்கால் விளிம்பில் தட்டு இருக்கிறது. அம்பரோ பேரீச்சம்பழத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

யாரோ ஆண் குரலில் கூப்பிட்டார்கள். பாங்குச் சத்தத்தில் குரல் யாருடையது என்று பிடிபடவில்லை, புழுதி தின்ற தொண்டை என்பது மட்டும் தெரிந்தது. பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கலீனா!"

சந்தில் இருக்கும் யாருக்கும் அந்தப் பெயரில் ஒருத்தியைத் தெரியாது. முப்பத்திரண்டு பேர் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்ட உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு. ஒன்று ஜெய்லானி. இன்னொன்று அரசாங்கம். (மூன்றாவதாக நான். நான் அன்று வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தேன், நம்புங்கள்.)

அம்பரோ யோசித்தாள். அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று உள்ளிருந்தே கத்திவிடலாம், வெண்கலத்தொண்டை அதற்குத்தானே இருக்கிறது. வெளியே நிற்பது மகனாக இருந்தால்? போரிலிருந்து வந்த பிள்ளையை, உன் பெண்டாட்டி இங்கே இல்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பியவளாவாள். திறந்துவிடலாம். நிற்பது அந்த வெள்ளரிக்காய் தின்றவனாக இருந்தால்? மூன்று நாள் பட்டினி கிடந்தது எதற்கு?

கலீனா எழுந்துவிட்டாள். அவளிடம் அம்பரோவுக்குத் தெரியாத ஒரு வாக்கியம் இருந்தது. அது உண்மையென்றால் வெளியே நிற்பது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அது பொய்யென்றால், கடிதத்தில் எழுதியிருந்தபடி அவள்தான் போய்த் திறக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது. அவள் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து நின்றாள். ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வருவது ஜெய்லானியாக இருக்கக் கூடாது என்று அந்த வீட்டில் வேண்டிக்கொள்ளக் காரணம் உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

மறுபடியும் தட்டினார்கள். பாங்கு இன்னும் முடியவில்லை.

அம்பரோ பழத்தைத் தட்டில் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை.

"கலீனா" என்றாள். அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. "தட்டறது அவன்னா நீ போயித் தெற. இல்லேன்னா நான் தெறக்கறேன். எதுன்னு சொல்லு."

சாவியை நீட்டினாள். கலீனாவும் கையை நீட்டினாள். வாங்கிக்கொள்ள நீட்டினாளா, வேண்டாம் என்று தடுக்க நீட்டினாளா என்று என்னைக் கேட்டால், நான் தலையை ஆட்டுவேன்.